சிதறாலில் உருவங்களுக்குக் கீழே இருப்பவர்கள்

குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் வலியபள்ளி என்னும் பள்ளிவாசலைப் பற்றிப் பேச்செடுத்தால், அதன் தொடக்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் மாலிக் இப்னு தீனாரின் பெயரையும் ஊர் மரபு சேர்த்தே சொல்லும். வழிபாட்டிடத்தோடு முன்னோரையும் நினைக்கும் இந்த வழக்கம், மார்த்தாண்டம் தாண்டிச் சிதறால் மலை ஏறும்போது ஏனோ நம்மைவிட்டுப் போய்விடுகிறது. அங்கே பாறை முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். படம் விரித்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர். சிங்கமும் பிள்ளைகளும் உடனிருக்க அம்பிகை. ஒன்பதாம் நூற்றாண்டுக் கலை. வருகிறவர்கள் வியக்கிறார்கள், படமெடுக்கிறார்கள், இறங்கிவிடுகிறார்கள். வட்டெழுத்தில் அங்கே பொறித்திருக்கும் பெயர்களைத் தேடுபவர் சிலரே. அவற்றை விட்டுவிட்டால் சிற்பத்தில் பாதியைத்தான் பார்த்தோம் என்பேன்.

தீர்த்தங்கரர் உருவங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இடத்தையும் மனிதரையும் சொல்பவை பெயர்கள்தாம். சிதறாலில் வரும் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் மதுரை ஆனைமலையிலும் பழனிப் பக்கத்து ஐவர்மலையிலும் வருகிறது. நம் கோட்டாற்றுத் துறவிகளின் பெயர்கள் கழுகுமலைப் பாறையில் இருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுச் சிதறால் கல்வெட்டோ, அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தியார் இத்தலத்துத் தேவியான படாரியாருக்குப் பொன் அணி அளித்ததைப் பதிந்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் கொடை தந்த ஒரு பெண் துறவியின் பெயர், அவருடைய ஆசிரியர் பெயரோடு கிடைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய பேறு!

சமணர் போய்விட்டார்கள், இப்போது அங்கே பகவதியை அல்லவா வணங்குகிறோம், பழைய பெயர்கள் எதற்கு என்று கேட்கலாம். பகவதியை வணங்க வந்தவர்கள் தீர்த்தங்கரர்களைப் பெயர்த்தெறியவில்லை. அந்தப் பண்பு நமக்கும் வேண்டும். கொடுத்தவர் பெயர் இருக்கிறது, உளி பிடித்தவர் பெயர் எங்கே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. ஆனால் கிடைக்காத பெயருக்காக வருந்துகிறவர்கள் கிடைத்திருக்கும் பெயரைப் படிக்காமல் விடுவது நியாயமாகாது. கல்வெட்டறிஞர் கோபிநாத ராவ் போன்றோர் திருவிதாங்கூர் காலத்திலேயே நம் பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சேற்றினார்கள். அந்த வாசகங்கள் நூலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பாறையின் அருகிலும் இன்றைய தமிழ் எழுத்திலும், கேரளத்திலிருந்து வருவோருக்காக மலையாளத்திலும், தொல்லியல் துறை அவற்றை எழுதி வைக்க வேண்டும்.