பிள்ளை பிறந்ததும் கணக்கு முடிந்துவிடுமா?

செயற்கைக் கருக்கட்டல் நிலையங்களின் விளம்பரங்களில் 'வெற்றி வீதம்' என்ற சொல் கொட்டை எழுத்துகளில் இருக்கும். எது வெற்றி? கரு தங்குவது வெற்றி. மிஞ்சினால், குழந்தை உயிருடன் பிறப்பது வெற்றி. அக்குழந்தைக்கு 16 வயதாகும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு, 40 வயதில் இதயம் எந்நிலையில் இருக்கும் என்பன அக்கணக்கில் இல்லை. பணம் பெற்றுக்கொண்டவரின் கணக்கு பிரசவ அறை வாசலோடு முடிந்துவிடுகிறது. அது அரைகுறைக் கணக்கு என்பதே எனது வாதம்.

உலகின் முதலாவது பரிசோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிறவுண் 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தின் ஒல்ட்ஹாம் நகரில் பிறந்தார். இம்முறையில் பிறந்தோரில் மூத்தவரான அவரே இன்னும் முதுமையைத் தொடவில்லை. மாரடைப்பு பெரும்பாலும் வருகின்ற வயதுக்கு ஏனையோர் வந்து சேரவுமில்லை. ஆகவே 'ஒன்றுமேயில்லை' என்று அடித்துச் சொல்பவரும், 'பேராபத்து' என்று கூக்குரலிடுபவரும் அவசரக்காரர்களே.

இதுவரை அறிந்தது என்ன? சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர வைத்தியர்கள் இம்முறையில் பிறந்த 65 ஆரோக்கியமான சிறுவர்களை, இயற்கையாகக் கருவுற்றுப் பிறந்த 57 பேருடன் ஒப்பிட்டு 2012இல் முடிவை வெளியிட்டனர். முதற்பிரிவினரின் இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் குறைந்திருந்தது. கழுத்து நாடியின் சுவர் சற்றுத் தடித்திருந்தது. அதே பெற்றோருக்கு இயற்கையாகப் பிறந்த சகோதரரிடம் இக்குறை காணப்படவில்லை. அச்சிறுவர்கள் பதின்ம வயதை அடைந்தபின் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். 2018இல் வெளியான அம்முடிவின்படி, 52 பேரில் 8 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். ஒப்பிடப்பட்ட 43 பேரில் ஒருவருக்கு மட்டுமே.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மேற்சொன்னது சிறிய ஆய்வு. நோர்டிக் நாடுகளின் பதிவேடுகளிலிருந்து 122,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, இருதய நோய் கூடியதாகக் காணவில்லை. ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் அப்போது சிறுவர்களே. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் முன்னின்று ஐரோப்பா, சிங்கப்பூர், அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் சுமார் 35,000 பேரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வும் இரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. ஆறுதலான செய்திதான். ஆனால் ஆறுதல் என்பது கண்காணிப்பைக் கைவிடுவதற்கான அனுமதிப்பத்திரமன்று.

அடுத்து எனது தொழிலைப் பற்றியும் பேசவேண்டும். பத்திரிகை மேசையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். டென்மார்க், பின்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் 77 இலட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறவியிலேயே பெரிய இதயக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு இம்முறைப் பிள்ளைகளுக்கு 36 சதவீதம் அதிகம் என்றது அது. இத்தகைய எண் ஆசிரிய பீடத்துக்கு வந்தால் எவ்வாறு தலைப்பாகும் என்பது எனக்குத் தெரியும். ஆயிரம் பிள்ளைகளில் சுமார் 12 பேருக்கு இருப்பது இவர்களில் சுமார் 18 பேருக்கு இருக்கிறது. தாயின் வயது முதலியவற்றைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் குறைகிறது. எஞ்சிய 980க்கு மேற்பட்டோருக்கு அக்குறையே இல்லை. இதை எழுதினால் பத்திரிகை விற்காது என்பதால் எழுதாமல் விடுவது தாய்மார் வயிற்றில் நெருப்பைக் கொட்டும் வேலை.

அவ்வாய்வின் முக்கியமான செய்தி வேறு. இம்முறையில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தோரில் 1.62 சதவீதத்தினருக்குக் குறைபாடு. இரட்டையர் முதலானோரில் 2.47 சதவீதத்தினருக்கு. அதாவது, ஒரே தடவையில் பல முளையங்களைக் கருப்பைக்குள் வைப்பது பிள்ளையின் இதயத்தோடு விளையாடுவதாகும். சுவீடன் 2003இலேயே ஒரு முளையம் வைப்பதைப் பொது விதியாக்கிவிட்டது. 'ஒரே செலவில் இரட்டைப் பிள்ளை' என்று மகிழும் பெற்றோரையும், அந்த மகிழ்ச்சியை வியாபாரமாக்கும் நிலையங்களையும் யார் திருத்துவது?

இறுதியாக, நமது வீடுகள். யாழ்ப்பாணத்திலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சென்னைக்குப் போய்ச் சிகிச்சை பெறுகிறார்கள். உறவினருக்குச் சொல்வதில்லை, பிள்ளைக்கும் சொல்வதில்லை. 'மலடி' என்ற கொடுஞ்சொல்லை இன்னும் கைவிடாத சமூகம், ஆணிடமும் குறை இருக்கலாம் என்பதை ஏற்காத சமூகம், அந்தத் தம்பதியரின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. விளைவு? இருபது வயதில் இரத்த அழுத்தம் கூடி வைத்தியரிடம் போகும் அப்பிள்ளைக்குத் தனது பிறப்பின் வரலாறே தெரியாது. வைத்தியருக்கு எங்ஙனம் தெரியும்?

நான் கேட்பது பெரிதன்று. கருவிலேயே சிசுவின் இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு முளையம் என்பது வழக்கமாகட்டும். பிள்ளைக்கு உரிய வயதில் உண்மையைச் சொல்லி, ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தை அளக்கட்டும். சிகிச்சை நிலையங்கள் தங்கள் கையால் உருவான பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, நல்லதையும் கெட்டதையும் பகிரங்கமாக வெளியிடட்டும்.

பிள்ளைவரம் தந்தோம் என்று பெருமை பேசுவோர், அந்தப் பிள்ளையின் நாடியையும் இடைக்கிடை பிடித்துப் பார்க்கட்டும்.