ஆறு வண்டிகளும் ஒரு கையும்

சென்ற தவணையின் தொடக்கத்தில் ஒருநாள், ஏழாந் தர வகுப்பிற் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தேன். பின்வரிசை மேசையொன்றின் கீழிருந்து 'கிளிக்' என்றோர் ஓசை எழுந்தது. மலைத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ்ஸேறி நாவலப்பிட்டிக்கு வரும் மாணவன் ஒருவன், பச்சை நிற விளையாட்டுச் சாமானொன்றைத் திருகிக் கொண்டிருந்தான். ஆசிரியர் பலரும் செய்வதையே நானும் செய்தேன். அதனைப் பறித்து, என் மேசை இலாச்சியினுள் எறிந்து பூட்டினேன். "சேர், பார்த்து வையுங்க சேர்" என்று அவன் சொன்னதை நான் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நாட் சென்று அவனுடைய பாட்டியார் வந்தார்.

"ஐயா, பையன் செஞ்சது பிழைதான். ஆனா அது அவன் அம்மா குவைத்துல இருந்து அனுப்பினது. அவ போயி நாலு வருஷமாச்சு. ராவுல அதைக் கழற்றிப் பூட்டிட்டுத்தான் படுப்பான். ரெண்டு நாளாத் தூக்கமில்லை" என்றார்.

இலாச்சியைத் திறந்தேன். வண்டிகள் ஆறும் இருந்தன. கையொன்றைக் காணவில்லை.

கையா என்று வாசகர்கள் வியக்கலாம். அந்தச் சாமான் ஆறு வண்டிகளின் கூட்டம். மண்வாரி, புல்டோசர், பாரந்தூக்கி, கொட்டும் லொறி, சீமெந்துக் கலவை வண்டி, அகழ் இயந்திரம் என்பன அவை. ஒவ்வொன்றையும் மடக்கி நிமிர்த்தினால் தனித்தனியே ஓர் இயந்திர மனிதனாகும். ஆறையும் ஒன்றோடொன்று கோத்தாலோ ஒரு பேருருவம் எழும். கலவை வண்டியும் மண்வாரியும் அதன் கால்கள், லொறி இடுப்பு, பாரந்தூக்கி மார்பும் தோளும், புல்டோசரும் அகழ் இயந்திரமும் புயங்கள். தலையும் கைகளும் மட்டும் தனியான சிறு துண்டுகள். நான் எறிந்த வேகத்தில் தொலைந்தது அத்துண்டுகளில் ஒன்று.

குற்ற உணர்வினால் இப்பொம்மையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அது ஒரு விந்தையான வரலாறு. அமெரிக்காவிலே ஹஸ்புரோ என்னும் நிறுவனம் 1964 ஆம் ஆண்டில் 'ஜீ. ஐ. ஜோ' என்ற போர்வீரப் பொம்மையை வெளியிட்டது. அதனை யப்பானிலே விற்ற டகாரா நிறுவனம், அவ்வுடலையே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வார்த்து, 1972 இல் உருமாறும் வீரனாக்கியது. மறு ஆண்டில் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்து பிறப்பதன்றோ? ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமிருந்த வீரன், 1974 இல் 10 சென்ரிமீற்றர் உயரமுள்ள 'மைக்ரோமான்' ஆகக் குறுகினான். 1980 இல் வந்த 'டயக்குளோன்' வரிசையில் அவன் விரலளவினனாகி, உருமாறும் வாகனங்களைச் செலுத்தும் சாரதியானான். 1984 இல் அவ்வாகனங்களை வாங்கி, 'ட்ரான்ஸ்போமர்ஸ்' என்று பெயரிட்டு அமெரிக்காவில் விற்றது யார்? அதே ஹஸ்புரோ நிறுவனந்தான்! அமெரிக்காவில் பிறந்த பொம்மை யப்பானிலே சுருங்கி, உருமாறி, பிறந்த வீட்டுக்கே திரும்பிற்று. ஆறு வண்டிகள் ஒன்றாகும் இந்த உருவம் 1985 இல் 'டெவஸ்டேற்றர்' என்னும் பெயருடன் அங்கே விற்பனைக்கு வந்தது. டகாரா நிறுவனமும் 2006 இல் டோமி என்னும் மற்றொரு பொம்மை நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

இதனைப் படித்தபோது என் மனம் ஓரிடத்திலே நின்றுவிட்டது. பொம்மையைச் சிறிதாக்கிய அதே எண்ணெய் விலைதான் வளைகுடா நாடுகளிலே செல்வத்தைக் குவித்தது. அச்செல்வமே 1970 களின் பிற்பகுதி தொடங்கி இந்நாட்டுப் பெண்களை வீட்டுப் பணிக்காக அழைத்தது. இன்று எம் தோட்டங்களிலே தாயைத் தொலைபேசியில் மட்டும் காணும் பிள்ளைகள் எத்தனை பேர்! என் மாணவனின் கையிலிருந்த பொம்மையும், அவன் பக்கத்தில் இல்லாத தாயும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். கணித ஆசிரியனாகிய நான் அந்தக் கணக்கை அறியாமல், ஓர் ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறிவிட்டேன்.

மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பின்னர் அந்த ஆறு வண்டிகளையும் மேசைமீது வைத்து, "தம்பி, இதனை எங்களுக்குப் பூட்டிக் காட்டு" என்றேன். கணிதத்தில் இருபது புள்ளிகளைத் தாண்டாத பையன் அவன். எந்த மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பவேண்டும், எதனை முதலிலே மடக்காவிட்டால் எது பிறகு தடுக்கும் என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே பூட்டினான். கோணமும் சுழற்சியும் சமச்சீரும் அவன் விரல்களிலே இருந்தன. நான் கரும்பலகையிலே தேடிக் கொண்டிருந்தேன்.

தொலைந்த கைக்கு விலை கொடுக்க முன்வந்தேன். அவன் வேண்டாமென்றான். தேய்ந்த றப்பர்ச் செருப்பொன்றை வெட்டி, அளவாய்ச் சீவி, ஏற்கெனவே ஒரு கை செய்திருந்தான். அது சற்றுக் கோணலாக இருந்தது. ஆயினும் இறுக்கமாகப் பொருந்தியது.

அவன் பாட்டியாரைப் பின்னர் ஒருநாள் பஸ் நிலையத்திற் கண்டேன். "அவ போன்ல முகம் காட்டிப் பேசுறப்போ, பையன் அந்தப் பொம்மையைத் திருப்பிப் பிடிச்சுக் காட்டுறான் ஐயா. செருப்புக் கை அவ கண்ணுல பட்டா கவலைப்படுவாளாம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஆறு வண்டிகள் பிரிந்து வேலை செய்யலாம், மீண்டும் ஒன்றாகலாம். ஒன்றையொன்று பற்றும் முளை உடையாதிருந்தாற் போதும். பிரிந்து வாழும் குடும்பங்களுக்கும் அப்படியொரு முளை இருக்கிறது. அது சில வேளைகளில் ஒரு பிள்ளையின் கையிலே, மேசைக்கடியிலே இருக்கக்கூடும். பறிப்பதற்கு முன் அது யாது என்று கேட்கும் பொறுமை ஆசிரியர்களாகிய எங்களுக்கு வேண்டும், பெற்றோருக்கும் வேண்டும்.

அந்த இலாச்சியை இப்பொழுது நான் பூட்டுவதில்லை.