ஏஎம்4 பலகையைக் கைவிடுமுன்
ஏஎம்டி நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஏஎம்5 என்னும் செயலிப் பொருத்துவாயைக் கொண்ட தாய்ப்பலகை, டிடிஆர்5 என்னும் ஐந்தாம் தலைமுறை நினைவகத்தை மட்டுமே ஏற்பதாலும், முந்தைய ஏஎம்4 பலகையின் டிடிஆர்4 போலவே அதற்கும் 288 முனைகள் இருந்தபோதிலும் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதாலும், புதிய செயலியை நாடுவோர் பலகையையும் நினைவகத்தையும் சேர்த்தே வாங்க நேர்கிறது. டிடிஆர்5 ஒவ்வொரு நினைவகப் பட்டையையும் தனித்தியங்கும் இரு தடங்களாகப் பிரிப்பதால் தரவு விரைந்து பாய்கிறது என்பது மெய்யே. ஆயினும், அடிக்கடி தேவைப்படும் தரவைச் செயலிக்குள்ளேயே தாங்கும் கேஷ் நினைவகத்தை 96 மெகாபைட் அளவுக்குக் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, பயாஸ் எனப்படும் தொடக்க மென்பொருளைப் புதுப்பித்தால், 2017இல் வந்த பி350 சிப்செட் கொண்ட ஏஎம்4 பலகைகள் பலவற்றிலும் பொருந்துவதால், அது நியாயமான விலையில் கிடைக்கும்வரை, விளையாட்டையே முதன்மையாகக் கருதுவோர் செயலி, பலகை, நினைவகம் மூன்றையும் ஒருசேர மாற்றுவது வீண்செலவேயாகும். காணொளித் தொகுப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு மட்டும் கணக்கு வேறு.