ஆழ்வார் ஒரு கட்டடத்தில், நாகர் எலும்பு இன்னொரு கட்டடத்தில்

திருமங்கையாழ்வார் ஊர் திரும்பப்போகிறார் என்று 2024 ஜூனில் செய்தி வந்ததும் ஒரே கொண்டாட்டம். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சாதபீஸ் ஏலத்தில் வாங்கிய வெண்கலச் சிலை அது. கும்பகோணம் பக்கத்துக் கோயிலில் அது இருந்ததற்கு 1957இல் எடுத்த புகைப்படம் சாட்சி. திருட்டுப்பொருள் திரும்பட்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் தோழர்களே, அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு அருங்காட்சியகம் இருக்கிறது: பிட் ரிவர்ஸ். 1886இல் அஷ்மோலியனிலிருந்த 'இனவரைவியல்' பொருட்களில் பெரும்பகுதியை அங்கே மாற்றினார்கள். கிரேக்கச் சிலையும் இத்தாலிய ஓவியமும் 'கலை'. நாகரின் ஈட்டியும் சால்வையும் 'வழக்கம்'. கலைக்கு பியூமான்ட் தெருவில் தூண் வைத்த மாளிகை. வழக்கத்துக்குத் தனி வாசல்கூடக் கிடையாது. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, டைனோசர் எலும்புகளைக் கடந்து பின்பக்கம் போகவேண்டும். ஊரைச் சுற்றிச் சேரிக்குப் போகும் பாதை நினைவுக்கு வந்தால் அது என் குற்றமில்லை.

பிட் ரிவர்ஸில் நாகர்களின் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவர்களுடைய முன்னோரின் எலும்புகளும் உள்ளன. சேகரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜே.எச். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி. பெயர் எங்கோ கேட்டதாக இருக்கிறதா? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் அவர்தான். தீண்டப்படாதோர் என்று எழுதக் கூசி, நம்மைப் 'புறச்சாதிகள்' என்று பதிந்த அறிக்கை அவருடையது. மலையில் பொருளுக்கு எண் போட்ட அதே கை, சமவெளியில் நமக்கும் ஒரு தட்டு ஒதுக்கியது.

ஆழ்வாருக்கான இந்தியத் தூதரகத்தின் கோரிக்கை 2020இல் போனது. நாகர்கள் தங்கள் முன்னோரை மீட்கப் பேசத் தொடங்கியதும் 2020இல்தான். சிலைக்கு நான்கு வருடத்தில் பல்கலைக்கழக மன்றம் ஒப்புதல் கொடுத்தது. நாகர்கள் 2025 ஜூனில் ஆக்ஸ்போர்டுக்கே நேரில் போய், தங்கள் முன்னோரின் எலும்புகள் முன்னால் நின்று பேசவேண்டியிருந்தது. எங்கே, எப்படி அடக்கம் செய்வது என்று அவர்களுக்குள்ளும் பேசி முடிக்கவேண்டியவை உண்டு, சரி. ஆனால் ஆழ்வாருக்காகத் தொண்டை கிழியப் பேசிய நம் தமிழ்ப் பெருமைக்காரர்களில் எத்தனை பேர் அந்த எலும்புகளைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள்?

"அப்படியானால் வெள்ளைக்காரனே சிலையை வைத்துக்கொள்ளட்டும் என்கிறாயா?" என்று வருவார்கள். இல்லை ஐயா. ஆக்ஸ்போர்டில் அந்தச் சிலைக்கு ஒரு முழம் தள்ளி நம் பிள்ளை நிற்கலாம். இங்கே 1947இலேயே ஆலய நுழைவுச் சட்டம் வந்துவிட்டது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே போகக்கூடாது என்று சண்டை மூண்டு, திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். கடல் தாண்டி சாமியை மீட்கத் தெரிந்தவர்களுக்கு 2025 வரை ஒரு கோயில் கதவை நமக்குத் திறக்கத் தெரியவில்லை.

அஷ்மோலியனின் பெயரையே பாருங்கள். அதன் முதல் சேகரிப்பை உருவாக்கியவர்கள் டிரேடஸ்கன்ட் என்ற தோட்டக்காரர்கள், அப்பனும் மகனும். மகனின் விதவை ஹெஸ்டர் வழக்காடித் தோற்றார். 1678இல் குளத்தில் பிணமாகக் கிடந்தார். சொத்து, வழக்கில் வென்ற எலியாஸ் அஷ்மோலுக்குப் போனது. 1683இல் திறந்த கட்டடத்துக்கு அவர் பெயர்.

சிலை வந்திறங்கும் நாளில் மாலையோடு போகிறவர்கள் போகட்டும். நாம் ஒரு கேள்வியை அட்டையில் எழுதிக்கொண்டு போவோம். நாகர்களின் எலும்புகள் எப்போது?