பலம் கையிலா, கருவியிலா?

நெய்வேலி சுரங்க வேலையை 1957-ஆம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. அதன் மேல் மலை மலையாக மண். அதை யார் அள்ளுகிறார்கள்? சக்கரம் போல் சுழலும் ராட்சத இயந்திரம் அள்ளுகிறது! அதை ஓட்டுபவரிடம், "உன் தோளில் பலம் உண்டா?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் கை பலம் குறைந்த ஒருவர், டயர் மாற்றும் வேலை கேட்டால், "உன்னால் முடியாது" என்கிறோம். இது என்ன நியாயம்?

காற்றிலோ பாட்டரியிலோ ஓடும் ஸ்பானர், இறுகிய நட்டைச் சட்டென்று கழற்றிவிடும். அது கனமாக இருந்தால் மேலே கம்பியில் தொங்க விடலாம். வண்டியைத் தூக்க ஜாக்கி இருக்கிறது. டயரின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினால், சக்கரமும் எளிதாக மேலே வரும்.

கவனமும் வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். கடைசியில், முறுக்கின் அளவு காட்டும் ஸ்பானரால் சரிபாருங்கள். இதற்குத் தேவை நிதானம். முரட்டுப் பலம் அல்ல.

அரசு நிறுவனங்களில் மாற்றுத் திறனாளிகளுக்குக் குறைந்தது 4 சதவீத இடம் ஒதுக்க வேண்டும்; வேலைக்கு ஏற்ற வசதியும் செய்து தர வேண்டும். இது 2016-ஆம் ஆண்டுச் சட்டம்.

பட்டறை முதலாளிகளே! சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம். வேலை கேட்டு வருகிறவரின் கையைப் பார்க்காதீர்கள். அந்தக் கையில் நல்ல கருவியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் அடுப்பு எரியும்!