வேகவதிக்கு எல்லைக்கோடு

காஞ்சி நகரின் வளர்ச்சித் திட்டம் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் சாலையின் அகலம் பற்றிப் பேசுகிறார்கள். பேருந்து நிலையம் பற்றிப் பேசுகிறார்கள். கோயிலுக்கும் பட்டுக் கடைக்கும் வருவோரின் கார்கள் எங்கே நிற்பது என்று கவலைப்படுகிறார்கள். வேகவதி பெருகினால் தண்ணீர் எந்தத் தெரு வரையில் வரும் என்ற கேள்வியை மட்டும் எவரும் எழுப்பக் காணோம்!

தாமல் ஏரிப் பக்கம் பிறந்து, நகரின் தென்புறமாக ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் ஆறு அது. ஆண்டில் பெரும்பகுதி அதில் ஓடுவது ஊரின் சாக்கடை. முட்செடி மண்டிக் கிடக்கிறது. அதைக் கண்டு, ஆறு செத்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள் மனை வணிகர்கள். சாகவில்லை என்பதை 2015ஆம் ஆண்டு மழை காட்டிற்று. கரையோரத்து மக்கள் சட்டி பானையுடன் முகாம்களுக்கு ஓடினர். 2021 நவம்பரில் பாலாறே இரு கரையும் தொட்டுப் புரண்டு வந்தது. மணலை அள்ளி அள்ளி இனித் தண்ணீரே வராது என்றிருந்தோர், அன்று பாலங்களின் மீது நின்று வேடிக்கை பார்த்தனர்.

காஞ்சிக்கு ஒரு புராணம் உண்டு. பிரமனுடைய வேள்வியை அழிக்கச் சரசுவதி வேகவதியாகப் பாய்ந்து வந்தாளாம். திருமால் குறுக்கே படுத்து அணையாகித் தடுத்தாராம். திருவெஃகாவின் கதை அது. நம்புவோர் நம்பட்டும், நகைப்போர் நகைக்கட்டும். ஆனால் இந்த ஆறு சினந்தால் ஊருக்கு ஆபத்து என்பதைக் கதை கட்டியவனே அறிந்திருந்தான் அல்லவா? இன்று ஆற்றின் குறுக்கே படுத்திருப்பவை கட்டடங்கள். வெள்ளத்தைத் தடுக்க அல்ல, ஊருக்குள் திருப்பிவிட!

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. கரையோரத்துக் குடும்பங்களுக்காகக் கீழ்கதிர்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றுப் புறம்போக்கில் ஆபத்தில் வாழ்வோரை மேட்டுக்குக் கொண்டு செல்வது தேவையான பணியே. ஆனால் பிழைப்பு நகருக்குள் இருக்க, படுக்கை மட்டும் ஊருக்கு வெளியே என்றால், அந்தக் கூலிக்காரன் என்ன செய்வான்? தறி வைத்திருப்பவன் குழித்தறியை மாடிக்குத் தூக்கிச் செல்ல முடியுமா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. குடிசை இருந்தது ஆற்றின் படுகையில். அதற்கு அடுத்த நிலத்தில், நேற்று வரை நெல் விளைந்து, வெள்ளக் காலத்தில் தண்ணீர் தங்கிச் செல்லும் தாழ்வான நிலத்தில், மண்ணடித்து மேடாக்கி எழும்பும் மாடிகளுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

இங்கேதான் சட்டத்தில் ஓட்டை. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அரசு நிலத்தை மட்டுமே காக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஏரிகளைக் காக்க வந்தது. இரண்டும் தேடுவது புறம்போக்கை. வெள்ளமோ பட்டா எது, புறம்போக்கு எது என்று சர்வே எண் பார்த்துப் பாய்வதில்லை! கரைக்கு அப்பால் அது பரவும் நிலத்தின் பெரும்பகுதி பட்டா நிலம். அங்கே கட்ட நினைப்பவன் நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக ஆராய்ந்து, தரையை இத்தனை அடி உயர்த்து என்று நிபந்தனை விதிக்கிறார்கள். அவன் உயர்த்துகிறான், அவன் வீடு தப்புகிறது, அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பள்ளத்தில் இருப்பவன் வீட்டுக்குள் போகிறது. நூறு மனைகளும் சேர்ந்து ஆற்றை என்ன செய்கின்றன என்று கூட்டிப் பார்ப்போர் இல்லை.

பள்ளத்தில் இருப்பவன் யார்? பெரும்பாலும் நெசவாளி! குழித்தறியில் மிதிப்பலகை இருப்பது தரைக்குக் கீழே. மழை நாலு நாள் நீடித்தாலே குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரக் காற்றில் இழையும் சொன்னபடி கேட்பதில்லை. வெள்ளமே புகுந்துவிட்டால் தறியிலிருக்கும் பட்டுக்கும் ஜரிகைக்கும் அவன்தான் பொறுப்பு. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. வாங்கிய முன்பணமோ நிற்பதில்லை. உலகெங்கும் மணமேடைகளில் பளபளக்கும் சேலைக்குப் பின்னால் இந்தக் குழி இருக்கிறது. நகரின் மழைநீரைச் சுமக்க வேண்டிய மஞ்சள்நீர்க் கால்வாயில் கழிவுநீரும் குப்பையும் அடைத்துக் கிடக்கும்போது, அந்தக் குழிதான் கால்வாயாகிறது.

வழி இல்லாமல் இல்லை. 1975ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு வெள்ளச் சமவெளி மண்டல மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. மருத்துவமனை, மின்நிலையம் போன்றவை நூறாண்டு வெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதாவது, எந்த ஓராண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். குடியிருப்புகள் இருபத்தைந்தாண்டு வெள்ளத்துக்கு மேலே. பூங்காவும் விளையாட்டுத் திடலும் தாழ்ந்த இடத்தில் இருக்கலாம். எவ்வளவு எளிய ஏற்பாடு! மணிப்பூர் 1978இல் சட்டமாக்கியது, ராஜஸ்தான் 1990இல், உத்தராகண்ட் 2012இல். தமிழகம் ஆக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டபோதும் ஆக்கவில்லை. சட்டம் செய்த மாநிலங்களிலும் வரைபடம் வரையாததால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது என்பதையும் மறைப்பானேன்? எனவே நாம் முதலில் கேட்பது வரைபடம்.

பட்டா நிலத்தில் கட்டாதே என்பது சொத்துரிமையைப் பறிப்பதாகாதா என்பார்கள் சிலர். பறிக்க வேண்டாம், அவர் பயிர் செய்யட்டும், தென்னை வைக்கட்டும். நிலத்தின் பயனை நகரம் வகுப்பது புதுமையுமல்ல. சென்னை மாகாணத்தில் 1920லேயே நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்கும் முன்னர், இந்நாட்டு நகரங்களைச் சுற்றிப் பார்த்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் காஞ்சியின் அமைப்பைப் போற்றினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை எதிர்த்து, அவற்றில் மீனும் வாத்தும் விடச் சொன்னவர் அவர். நெதர்லாந்து நாட்டார் 1995 வெள்ளத்தில் இரண்டரை இலட்சம் மக்களை இடம்பெயர்த்த பிறகு, நைமேகன் நகரில் அணைக்கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி ஆற்றுக்கு இடம் கொடுத்தனர். இடம்பெயர்ந்தவை ஐம்பது வீடுகள்.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் கையில் இருக்கிறது. எந்த நிலம் எதற்கு என்று முழுமைத் திட்டத்தில் வகுக்கும் அதிகாரம் அதில் உண்டு; புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2021இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சியின் மன்றம் தீர்மானம் நிறைவேற்றட்டும். 2015இலும் 2021இலும் தண்ணீர் நின்ற மட்டத்தைத் தெருத்தெருவாகக் கேட்டுக் குறிக்கட்டும். அந்தத் தெருக்களில் வாழ்வோருக்குப் பொறியாளரைவிட அது நன்றாகத் தெரியும். அந்த வரைபடத்தை வட்டந்தோறும் ஒட்டட்டும். கோட்டுக்குள் வயலை மனையாக வகைமாற்றுவதை அன்றே நிறுத்தட்டும். கல்லூரியானாலும் திருமண மண்டபமானாலும் அரசு அலுவலகமானாலும் குடிசைக்குள்ள அதே கோடுதான் என்று எழுதட்டும். இடம் பெயர்க்கப்படும் நெசவாளிக்குத் தரைத்தளத்தில் தறிக்கூடம் கட்டிக் கொடுத்த பிறகே அவன் வீட்டு வாசலுக்கு இயந்திரம் போகட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் எல்லைக் கற்களாவது நடப்படுமா?