மண்ணுக்கு வைத்தியம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உமட்டில்லா என்னும் ஊரில் படைக்கலக் கிடங்கு ஒன்று இருந்தது. குண்டுகளிலிருந்து வெடிமருந்தைக் கழுவிய நீரைக் குட்டைகளில் விட்டுவந்ததால், நஞ்சு மண்ணில் ஊறிப்போயிற்று. 1990-களில் அம்மண்ணைத் தோண்டியெடுத்து, சாணம், மரத்தூள், உருளைக்கிழங்குக் கழிவு ஆகியவற்றோடு கலந்து குவித்தனர். நம் எருக்குழியில் நிகழ்வதே அங்கும் நிகழ்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பெருகின; குவியல் சூடேறியது; டி.என்.டி. என்னும் வெடிமருந்து சிதைந்தது.

இவ்வைத்தியம் நம் வாணியம்பாடி மண்ணுக்கும் பலிக்குமா?

இங்குள்ள நோய் வேறு. வெடிமருந்து கரிமச் சேர்மம். ஆகவே சிதைக்க இயலும். தோல் தொழிலின் எச்சங்களான உப்பும் குரோமியமும் அவ்வாறானவை அல்ல. உப்பை எந்த நுண்ணுயிரும் உண்டு தீர்ப்பதில்லை. குரோமியமோ தனிமம், அதை அழிக்க முடியாது, நிலை மாற்றவே முடியும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து கிணறுகளை எட்டும், புற்றுநோய் விளைவிக்கும். மூன்று இணைதிறன் கொண்டதோ பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நச்சுத்தன்மையும் மிகக் குறைவு. முன்னதைப் பின்னதாக மாற்றும் பாக்டீரியாக்கள் உள்ளன. சர்க்கரைப்பாகுக் கழிவு போன்ற உணவு கிடைத்தால் அவை ஊக்கமுடன் செயற்படும்.

இம்முறைக்குப் பெருந்தேவை உள்ள இடம் அருகிலேயே இருக்கிறது. இராணிப்பேட்டையில் 1975-இல் தொடங்கி, 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. மழைதோறும் அந்நஞ்சு கரைந்து நிலத்தடி நீரில் கலந்தது. இத்தகைய மலையளவுக் குவியலை நுண்ணுயிரை மட்டும் நம்பித் தீர்த்துவிட இயலாது. மாற்றப்பட்ட குரோமியமும் மண்ணிலேயே தங்கும்; சூழல் மாறினால் ஒரு பகுதி மீண்டும் நச்சு வடிவம் பெறவும் கூடும்.

ஆதலின், நுண்ணுயிர் துப்புரவாக்கும் என்று கூறிக் கழிவை ஆற்றில் விட எவருக்கும் உரிமையில்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28-8-1996 அன்று தீர்ப்பளித்தது. கேடு சீராகும்வரை அப்பொறுப்பு தீராது என்று 2025 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தியது.

பச்சைத் தோலை ஊறவைக்கும் முன்பே உப்பை உதறியெடுப்பதும், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும் தொழிற்கூடத்திலேயே செய்யக்கூடியவை. நோய் வந்தபின் செய்யும் வைத்தியத்தினும் வருமுன் காப்பது எளிது; செலவும் குறைவு. நம் தலைமுறைகளுக்குச் சோறு போட்ட தொழில் இது. அத்தொழில் நிலைக்க வேண்டும். பாலாற்றங்கரைக் கிணறுகளும் பிழைக்க வேண்டும். மண் நம் கையிலுள்ள அமானிதம். பெற்றதைப் பழுதின்றி ஒப்படைப்பதே அமானிதம் பேணுவதாகும்.